சட்டம் முதலிலா, ஊர்ப்பேச்சு முதலிலா? ஆப்பிரிக்கப் பெண்கள் சிலர் காட்டிய வழி

செவிலி ஆசிரியை | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு நர்சிங் கல்லூரியில் சமுதாய நலச் செவிலியம் எடுக்கிறேன். போன மாதம் பெண் உறுப்பு சிதைப்பு பற்றிய பாடம் வந்தது. வழக்கம் என்ற பெயரில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டுவது, சில இடங்களில் தைத்து மூடுவதும் உண்டு. பாடநூலில் அதற்கு ஒரே ஒரு பத்தி. எந்தெந்த நாடுகளில் நடக்கிறது, ரத்தப்போக்கு, தொற்று, பிரசவத்தில் வரும் ஆபத்து, அத்தோடு முடிந்தது. கடைசி பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, "மேடம், இதை அங்கே யாருமே எதிர்க்கவில்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பத்தியை எழுதியவர் மீது எனக்குக் கோபமே வருகிறது. நோயை மட்டும் எழுதி, அதோடு போராடிய பெண்களை முழுவதுமாக விட்டுவிட்டார்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். போகாலெட்ச் கெப்ரே. தெற்கு எத்தியோப்பியாவில் கெம்பாட்டா என்ற பகுதிக்காரர். சிறுமியாக இருந்தபோது தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். அந்த ஊர் வழக்கப்படி அவருக்கும் வெட்டு நடந்தது, ஏறக்குறைய 12 வயதில். அங்கிருந்து ஜெருசலேமுக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தார், பிறகு அமெரிக்காவில் மேற்படிப்பு. அங்கே மாரத்தான் ஓடிப் பணம் திரட்டி எத்தியோப்பியப் பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்பினார். 1997ல் ஊருக்கே திரும்பி, தங்கை ஃபிக்ரிட்டேயுடன் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நான் எழுத வந்தது அதற்கு அடுத்து நடந்ததைத்தான். வந்ததும் எய்ட்ஸ் பற்றியும் பெண்கள் படும் பாடு பற்றியும் பேசப் பார்த்தார். ஊர்க்காரர்கள் சொன்னது: எங்களுக்கு முதலில் வேண்டியது பாலம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகவும், சரக்கைச் சந்தைக்குக் கொண்டு போகவும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வழியில்லை. நானாக இருந்தால் 'நான் பேச வந்தது வேறு விஷயம்' என்று சொல்லியிருப்பேன். அவர் பாலத்தைக் கட்ட வைத்தார். அதற்குப் பிறகுதான் ஊர் அவர் பேச்சைக் கேட்க உட்கார்ந்தது.

உட்கார்ந்தது என்றால் ஒரு நாள் கூட்டம் இல்லை. ஆண், பெண், கிழவர், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, மாதக்கணக்கில், திரும்பத் திரும்பக் கூடிப் பேசினார்கள். 2002ல் வெட்டப்படாத ஒரு பெண்ணுக்கு ஊரறியக் கல்யாணம் நடந்தது. மணமகள் தான் வெட்டப்படாதவள் என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட பெண்ணை மணப்பதில் எனக்கு மகிழ்ச்சி என்று மணமகனும் ஓர் அட்டை மாட்டியிருந்தான். ஏறக்குறைய எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் நடந்துகொண்டிருந்த இடம் அது. 2008 வாக்கில் நூற்றில் மூன்று பேருக்கும் கீழே இறங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

எத்தியோப்பியாவின் குற்றவியல் சட்டம் இதைக் குற்றம் என்று எழுதியது 2004ல்தான். அந்தக் கல்யாணம் அதற்கு இரண்டு வருடம் முன்பு. ஊர் மாறத் தொடங்கிய பிறகு சட்டம் வந்தது. எனக்கு இதுதான் சரியான வரிசை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கறுப்புக் கோட்டு | சனி, இரவு 10.25

அக்கா, அருமையான பதிவு. ஆனால் கடைசிப் பத்தியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கெம்பாட்டாவுக்கு ஒரு போகாலெட்ச் கிடைத்தார். கிடைக்காத ஊரில் பிறந்த சிறுமி என்ன செய்வாள்? ஊர் பேசி முடிக்கும் வரை அவள் வயது நிற்குமா?

தான்சானியாவைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் ஆணுக்கு 18 என்று வைத்துவிட்டு, பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதித்தால் 15, நீதிமன்றம் அனுமதித்தால் 14 என்று வைத்திருந்தது. ரெபேக்கா ஜ்யூமி என்ற இளம் வழக்கறிஞர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவர் தொடங்கிய அமைப்பின் பெயரில் இருக்கும் 'ம்சிச்சானா' என்பதற்குச் சுவாகிலியில் சிறுமி என்று பொருள். 2016ல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் அரசமைப்புக்கு முரண் என்று சொல்லி, திருத்த ஒரு வருடம் கெடு கொடுத்தது. அரசு என்ன செய்தது தெரியுமா? மேல்முறையீடு. சின்ன வயதுக் கல்யாணம், திருமணத்துக்கு முன் கருத்தரிக்காமல் பெண்ணைக் காக்கிறது என்றுகூட வாதாடினார்கள். 2019 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

ஒரு பெண், ஒரு மனு. நாடு முழுவதும் உள்ள சிறுமிகளுக்காக நீதிமன்றம் பேசியது. இதை எந்த ஊர்க்கூட்டத்தாலும் செய்ய முடியாது. 2018ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பரிசு அவருக்குக் கிடைத்ததும் சும்மா இல்லை.

---

செவிலி ஆசிரியை | சனி, இரவு 10.50

தம்பி, நல்ல எடுத்துக்காட்டு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியதா?

---

கறுப்புக் கோட்டு | சனி, இரவு 11.02

கோபமெல்லாம் இல்லை அக்கா. கெடு தாண்டியும் திருத்தவில்லை, இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் வருடக்கணக்கில் இழுத்தார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு கையில் இருப்பதால்தான் இன்றும் அங்கே பெண்கள் நாடாளுமன்றத்தைக் கேள்வி கேட்க முடிகிறது. கையில் ஒரு தாளும் இல்லாமல் கேட்பதும், தீர்ப்பு நகலோடு கேட்பதும் ஒன்றில்லை.

---

தேம்ஸ் கரை | ஞாயிறு, அதிகாலை 3.15

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன், தூக்கம் போய்விட்டது. லண்டனில் மகப்பேறு வார்டில் மிட்வைஃபாக இருக்கிறேன். சோமாலியத் தாய்மார்கள், சூடானியத் தாய்மார்கள் என்று நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் தைத்து மூடப்பட்ட ஒரு தாய்க்குப் பிரசவம் பார்க்க நின்றபோது நான் பயிற்சியில் இருந்தேன். மூத்த சிஸ்டர் அமைதியாகத் தன் வேலையைச் செய்தார். எனக்குத்தான் கை நடுங்கியது. அந்தத் தாய் என் முகத்தைப் பார்த்துவிட்டார் என்பது இன்றும் உறுத்துகிறது. நம் அதிர்ச்சியை அவர்களிடம் காட்டக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன்.

இந்த நாட்டில் இந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரே ஓர் ஆப்பிரிக்கச் செவிலியர். எஃபுவா டோர்கெனு, கானாவில் பிறந்தவர். மிட்வைஃப் பயிற்சியில் இருந்தபோது அவரும் இப்படி ஒரு தாயைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார். 1983ல் அமைப்பு தொடங்கினார், 1985ல் பிரிட்டனில் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. 2014ல் இறக்கும் வரை இதே வேலைதான்.

ஆனால் நான் எழுத வந்தது எட்னா அதான் இஸ்மாயில் பற்றி. எங்கள் வார்டில் ஒரு சோமாலியப் பாட்டி மகள் பிரசவத்துக்கு வந்திருந்தார். 'எட்னா' என்று பெயர் சொன்னதும் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். அப்படி ஒரு மரியாதை.

1937ல் ஹர்கெய்சாவில் பிறந்தவர். சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் சோமாலிலாந்தின் தலைநகரம் இன்று அது. அப்பா மருத்துவர். எட்டு வயதில், அப்பா ஊரில் இல்லாத நாளில், வீட்டுப் பெண்கள் சேர்ந்து வெட்டை நடத்திவிட்டார்கள். திரும்பி வந்த அப்பா கண் கலங்கியதைப் பார்த்துத்தான், நடந்தது தப்பு என்றே அந்தக் குழந்தைக்குப் புரிந்தது. எனக்கு இந்த இடம் முக்கியம். அந்த வீட்டில் எதிர்த்தவர் ஆண், நடத்தியவர்கள் பெண்கள். 'ஆண்கள் செய்யும் கொடுமை' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

1950களில் பிரிட்டனில் நர்சிங்கும் மகப்பேறும் படித்தார். திரும்பிப் போனபோது பயிற்சி பெற்ற பெண்ணுக்கென்று ஒரு பதவியே அரசுப் பட்டியலில் இல்லை, சம்பளமில்லாமல்தான் வேலையைத் தொடங்கினார். பிற்பாடு சோமாலியப் பிரதமரின் மனைவி, உலக சுகாதார நிறுவன அதிகாரி என்று பெரிய இடங்களில் இருந்தார். வெட்டு பற்றி மேடையேறி வெளிப்படையாகப் பேசியது 1976ல். அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாயால் சொல்லவே கூசும் விஷயம்.

1988ல் போரில் ஹர்கெய்சா தரைமட்டமானது. ஓய்வு பெற்றதும் அவர் அந்த இடிபாட்டுக்குத் திரும்பினார். காரை விற்றார், நகையை விற்றார், ஓய்வூதியத்தைப் போட்டார். குப்பை மேடாகக் கிடந்த ஓர் இடத்தைக் கேட்டு வாங்கினார், போர்க்காலத்தில் ஆட்களைக் கொன்ற இடம் அது. 2002ல் அங்கே மகப்பேறு மருத்துவமனை திறந்தார். மருத்துவமனைக்குள்ளேயே குடியிருந்துகொண்டு ராத்திரி அழைப்புக்கும் எழுந்து வந்தார். நடுவில் சோமாலிலாந்தின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார்.

சட்டமா ஊர்ப்பேச்சா என்று கேட்கிறீர்கள். எட்னா செய்தது மூன்றாவது வகை. முதல் சில ஆண்டுகளில் அங்கே வந்த 4,000 தாய்மார்களைக் கணக்கெடுத்தார்கள், 97 விழுக்காட்டினர் வெட்டப்பட்டவர்கள். அந்தக் கணக்கு மேடையில் கிடைத்ததில்லை, பிரசவ அறையில் கிடைத்தது. நீ வலியோடு வரும்போது உன்னைத் தாங்கிய மிட்வைஃப், 'உன் மகளுக்கு இதைச் செய்யாதே' என்று சொன்னால் கேட்பாய். அதற்காகத்தான் நூற்றுக்கணக்கில் மருத்துவச்சிகளைப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பினார்.

---

மூன்றாம் கோப்பை | ஞாயிறு, காலை 8.30

டீச்சர் அம்மா, கெம்பாட்டா என்ற பெயரை ஒரு தமிழ் மன்றத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. நான் தெற்கு எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்டுகள் இயற்பியல் எடுத்தேன். அங்கே தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தோம், தெரிந்திருக்கும். கெம்பாட்டாவில் இருக்கும் துராமே ஊருக்கும் போயிருக்கிறேன்.

அங்கே மதியம் காபி என்றால் ஒரு சடங்கு. பச்சைக் கொட்டையை முன்னாலேயே வறுத்து, இடித்து, மூன்று முறை இறக்குவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர். மூன்றாம் கோப்பைக்கு முன்னால் எழுந்து போவது மரியாதை இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தெருவின் எல்லா விஷயமும் பேசப்படும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது அவர்களுக்குப் புதிது இல்லை. அதை நினைத்தும் சந்தோஷமாக இருக்கிறது. போகாலெட்ச் வெளியிலிருந்து ஒரு முறையைக் கொண்டு வந்து திணிக்கவில்லை, உட்கார்ந்து பேசத் தெரிந்த மக்களிடம் பேசாத விஷயத்தைப் பேச வைத்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும், வக்கீல் தம்பிக்காக. அங்கே 'இத்திர்' என்று ஒன்று உண்டு. கேதத்துக்கான சங்கம். மாதம் ஒரு சின்னத் தொகை கட்டுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், பாத்திரம், சாப்பாடு, குழி வெட்டுவது எல்லாம் இத்திர் பார்த்துக்கொள்ளும். ஏழையோ பணக்காரரோ, இத்திரில் இல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இத்திரிலிருந்து ஒருவரை நீக்கினால் அவர் செத்தால் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை அந்த ஊரில் இல்லை.

போகாலெட்சின் அமைப்பு இந்த இத்திர்களோடு சேர்ந்து வேலை செய்தது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்வது, வெட்டு இரண்டையும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆக அங்கே சட்டம் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை, தம்பி. தண்டனை இருந்தது. அதை எழுதியவர்கள்தான் வேறு.

என் மனைவியிடம் எங்கள் வீட்டுக்கார அம்மா ஒருநாள் சொன்னார்களாம், மூத்த மகள்கள் இரண்டு பேருக்கும் செய்தேன், கடைசிப் பெண்ணுக்குச் செய்யவில்லை என்று. ஏன் என்று கேட்டதற்கு, 'இப்போது யாரும் கேட்பதில்லை' என்றார்களாம். பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கல்யாணத்தில் மணமகனும் அட்டை மாட்டிக்கொண்டான் என்று டீச்சர் எழுதியிருக்கிறார்களே, அதன் அர்த்தம் இதுதான்.

---

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, காலை 9.10

சார், இத்திர் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் பயமாகவும் இருக்கிறது. ஊர்விலக்கு என்ற ஆயுதம் இன்று நல்லதுக்குப் பயன்பட்டது. நேற்று வரை வெட்டாத பெண்ணின் குடும்பத்தை ஒதுக்கியதும் அதே ஆயுதம்தானே? யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிற ஒன்றை நம்பிச் சிறுமிகளை விட முடியுமா?

---

மூன்றாம் கோப்பை | ஞாயிறு, காலை 9.45

நியாயமான கேள்வி தம்பி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மலாவியில் அதே அதிகாரம் ஒரு பெண் கைக்கு வந்தபோது என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

தெரேசா கச்சிண்டமோட்டோ. ஒரு கல்லூரியில் 27 ஆண்டுகள் அலுவலகச் செயலராக வேலை பார்த்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் கடைசி. 2003ல் டெட்ஸா மாவட்டத்தில் அவருடைய வம்சத்துத் தலைமைப் பதவிக்கு அவரையே வரச் சொல்லிவிட்டார்கள். போய்ப் பார்த்தால், பன்னிரண்டு வயதுப் பெண்கள் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறார்கள். தனக்குக் கீழே இருந்த சுமார் 50 குறுந்தலைவர்களைக் கூப்பிட்டு, இனி குழந்தைக் கல்யாணம் கிடையாது, நடந்ததையும் ரத்து செய்கிறோம் என்று கையெழுத்து வாங்கினார். மீறி நடக்கவிட்ட நான்கு தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். ரத்து செய்துவிட்டோம் என்று உறுதியான பிறகே திரும்பச் சேர்த்தார். 2015 ஜூனில் மட்டும் 330 கல்யாணம். மூன்று ஆண்டுகளில் 850க்கும் மேல். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குத் தானே கட்டினார், அல்லது கட்ட ஆள் பிடித்தார். பிள்ளைகள் உண்மையிலேயே பள்ளிக்கு வருகிறார்களா என்று பார்க்க ஊருக்குள் ரகசியமாகத் தாய்மாரையும் தந்தைமாரையும் வைத்திருந்தார்.

மலாவி நாடாளுமன்றம் திருமண வயதை 18 ஆக்கிச் சட்டம் கொண்டுவந்தது 2015ல். ஆனால் பெற்றோர் சம்மதித்தால் 15 போதும் என்ற ஓட்டை அரசமைப்பில் இருந்தது. அதை அடைக்க 2017 வரை ஆனது. அந்த அம்மா அதுவரை காத்திருக்கவில்லை.

---

குழுக்காரி | ஞாயிறு, பகல் 1.20

நான் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறவள், பெரிய படிப்பெல்லாம் இல்லை. எல்லோரும் சட்டம், ஊர் என்று பேசுகிறீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். கல்யாணத்தை ரத்து செய்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது? பாதி வீடுகளில் கல்யாணம் பண்ணிக் கொடுப்பதே ஒரு வாய் குறையும் என்றுதான். கச்சிண்டமோட்டோ பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தார் என்று சார் எழுதியதைப் படித்ததும்தான் அவர் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஜிம்பாப்வேயில் ஆஞ்சலின் முரிமிர்வா என்று ஒருவர். 1993ல் அங்கே ஓர் அமைப்பு 32 ஏழைப் பெண்களைப் படிக்க வைக்கத் தொடங்கியது. அந்த முதல் கூட்டத்தில் இவரும் ஒருத்தி. படித்து முடித்த பெண்கள் 1998ல் தங்களுக்குள் ஒரு சங்கம் கட்டினார்கள். அதை வளர்த்ததில் இவருக்குப் பெரிய பங்கு. இன்று அந்த அமைப்பின் தலைமைப் பொறுப்பே இவர் கையில்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கடன் முறை. படித்து முடித்த பெண் தன் பழைய பள்ளிக்கே வழிகாட்டியாகத் திரும்பிப் போகிறாள். பாடத்தோடு, தைரியமாகப் பேசுவது, உடம்பைப் பார்த்துக்கொள்வது, பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பேசுவது எல்லாம் அவள் வேலை. தொழில் தொடங்க அவளுக்குக் கடன் கிடைக்கும், வட்டி இல்லை. பள்ளியில் அவள் செய்யும் உழைப்பையே வட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் குழுவில் இதைப் படித்துக் காட்டினேன். வட்டி கட்டியே ஓய்ந்துபோனவர்கள் அவர்கள். ஒருத்தி, "அப்போ அந்த ஊர்ல படிச்ச புள்ளைதான் வட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

---

தேம்ஸ் கரை | ஞாயிறு, மாலை 6.05

குழுக்காரி அக்கா சொன்னதுதான் சரி. போகாலெட்சின் பாலமும் இதே கணக்குதானே.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். ஆப்பிரிக்கப் பெண் மருத்துவத் தலைவர்கள் என்று பேசும்போது டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடாடெவோவை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 2014 ஜூலை, நைஜீரியாவின் லாகோஸ். லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய ஒருவரை மலேரியா என்று சேர்த்திருந்தார்கள். எபோலா நோயாளியைத் தொட்டதே இல்லை என்று அவர் மறுத்தார். அடாடெவோ அதற்கு முன் எபோலாவைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சந்தேகப்பட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த நோயாளி ஒரு மாநாட்டுக்கு வந்தவர், அவரைப் போக விடுங்கள் என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. விட மாட்டேன் என்று நின்றார். இரண்டு கோடி மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. மொத்தம் 20 பேருக்குத்தான் தொற்றியது, 8 பேர் இறந்தார்கள். அந்த எட்டில் அவரும் ஒருவர், ஆகஸ்ட் 19. இரண்டு மாதம் கழித்து நைஜீரியா எபோலா இல்லாத நாடு என்று அறிவித்தார்கள்.

பிபிஇ உடை போடும் ஒவ்வொரு முறையும் அவரை நினைக்கிறேன்.

---

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, இரவு 8.40

அவரைப் பற்றி இன்றுதான் முழுதாகப் படித்தேன் அக்கா. விலகல் இல்லை, எழுதியதற்கு நன்றி.

நான் பகலெல்லாம் காம்பியா பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். என் வாதத்துக்குப் பலம் தேடிப் போனேன், டீச்சர் அக்கா சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று திரும்பினேன்.

அங்கே ஜாஹா டுகுரே என்று ஒருவர். பிறந்த ஒரு வாரத்தில் வெட்டு, 15 வயதில் அமெரிக்காவுக்குக் கல்யாணத்துக்கு அனுப்பப்பட்டவர். 2013ல் அமைப்பு தொடங்கினார், ஊருக்கும் திரும்பினார். 2015ல் அதிபர் ஜாமே திடீரென்று தடையை அறிவித்தார், அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அவர் சர்வாதிகாரி. 2017ல் நாட்டை விட்டே போய்விட்டார். சட்டம் மட்டும் மிஞ்சியது. ஆனால் அவர் கொண்டுவந்தது என்ற கறை அதன் மேல் ஒட்டியிருந்தது. எட்டு வருடத்தில் தண்டனை என்று பார்த்தால் 2023ல் மூன்று பெண்களுக்கு அபராதம், அதையும் ஓர் இமாம் கட்டிவிட்டார். 2024 மார்ச்சில் தடையையே நீக்கும் மசோதா வந்தது. அடுத்த கட்டத்துக்கு அனுப்ப 42 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. 58 பேர் சபையில் பெண்கள் ஐந்தே பேர்.

ஊர் ஒப்புக்கொள்ளாத சட்டம் எவ்வளவு மெலிதான நூலில் தொங்குகிறது என்று அந்த 42ஐப் பார்த்ததும் புரிந்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான்கு மாதம் அந்தப் பெண்கள் விடவில்லை. பாதிக்கப்பட்டவர்களும் மருத்துவர்களும் சாட்சி சொன்னார்கள். ஜூலை 15 அன்று அதே சபை மசோதாவைத் தோற்கடித்தது. காக்க ஒரு சட்டம் இருந்ததால்தான் காக்க முடிந்தது, அக்கா. இல்லாவிட்டால் அந்த நாட்டுப் பத்திரிகைகள் நான்கு மாதம் இதைப் பேசியிருக்குமா?

---

செவிலி ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.30

தம்பி, நீங்கள் படித்துவிட்டு வந்து மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். 'சரியான வரிசை' என்று நான் எழுதியது அவசரம். 2019-20 கணக்கெடுப்பில் காம்பியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 73 விழுக்காட்டினர் வெட்டப்பட்டவர்கள். அவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு நடுவில் ஒரு தாய் தன் மகளுக்குச் செய்யாமல் விட வேண்டுமென்றால், மாமியாரிடம் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். 'போலீஸ் பிடிக்கும்' என்பதுகூட அவளுக்கு ஒரு சாக்கு. அது அவளைக் காப்பாற்றும். அதை நான் யோசிக்கவில்லை.

ஆனாலும் பாலத்தை நான் விட மாட்டேன். எங்கள் மாணவிகளை ஊர்களுக்குக் களப்பணிக்கு அனுப்பும்போது கையில் ஒரு பட்டியலைக் கொடுத்து அனுப்புகிறோம், இதையெல்லாம் மக்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று. முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று மட்டும் கேட்டு வரச் சொன்னதில்லை. இந்தப் பருவத்திலிருந்து அதைச் செய்து பார்க்கப் போகிறேன்.

நாளை காலை பத்து மணிக்கு அந்த வகுப்புக்குத் திரும்பப் போகிறேன். கேள்வி கேட்ட பெண்ணுக்குப் பதில் இருக்கிறது. தேம்ஸ் கரை சிஸ்டர், ஒரு உதவி. நம் பிள்ளைகள் பலர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப் போகிறவர்கள். வெட்டப்பட்ட ஒரு தாய் முன்னால் வந்து உட்கார்ந்தால், முதலில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது?

---

தேம்ஸ் கரை | ஞாயிறு, இரவு 11.50

டீச்சர், இங்கே கர்ப்பப் பதிவுக்கு வரும்போதே எல்லாப் பெண்களிடமும் கேட்க வேண்டும் என்பது விதி. எந்த நாட்டுக்காரர், என்ன நிறம் என்று பார்த்துக் கேட்கக்கூடாது. எல்லோரிடமும் கேட்பதால் யாருக்கும் தன்னை மட்டும் தனியாக நிறுத்தியது போல இருக்காது.

நான் செய்வது இது. கணவரையோ மாமியாரையோ வெளியே உட்கார வைப்பேன். மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக்கூடாது. 'சிதைப்பு' என்ற சொல்லை வாயில் எடுக்கவே மாட்டேன். சின்ன வயதில் உங்களுக்குக் கீழே வெட்டினார்களா, தைத்தார்களா என்று மெதுவாகக் கேட்பேன். அவர் தன் மொழியில் என்ன சொல் சொல்கிறாரோ, அதையே பிறகு நானும் சொல்வேன். சிறுநீர் கழிக்கச் சிரமம் உண்டா, முதல் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்பேன். தையலைத் திறக்க வேண்டியிருந்தால் பிரசவத்துக்கு முன்பே செய்துகொள்ளலாம் என்று சொல்வேன், படம் வரைந்து காட்டுவேன். பிரசவத்துக்குப் பிறகு திரும்பத் தைக்க மாட்டோம், இங்கே அது சட்டப்படி குற்றம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன், கணவரிடமும் சொல்வேன். பிறக்கப்போவது பெண்ணாக இருந்தால் என்ன நினைக்கிறீர்கள் என்ற பேச்சை முதல் நாளே எடுக்க மாட்டேன். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் பெரும்பாலும் அவர்களே எடுப்பார்கள்.

அப்புறம், முகம். உங்கள் பிள்ளைகளிடம் முகத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள் டீச்சர்.

---

செவிலி ஆசிரியை | திங்கள், காலை 6.20

எழுதி வைத்துக்கொண்டேன் சிஸ்டர். இதைப் பலகையில் எழுதப் போவதில்லை, இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்து நடித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். கேள்வி கேட்ட பெண்தான் முதலில் மிட்வைஃப்.